2 மைலை 2 மைல் 16 போல் என்று காட்டும் பழைய அளவுச் சக்கரம்: பழுதா, இயல்பா?

உளிச்சத்தம்

நண்பர்களே, ஒரு சந்தேகம். ஆறு மாதமாக ஒரு பழைய அளவுச் சக்கரத்தைப் பழுதுபார்த்து வருகிறேன். வேவைசர், பெராம்புலேட்டர் என்று ஆங்கிலேயர்கள் சொன்ன கருவி. ஒற்றை மரச் சக்கரம், அதைப் பிடிக்கும் கவை, கைப்பிடிக்குக் கீழே கடிகாரம் மாதிரி ஒரு பித்தளை முகப்பு. தள்ளிக்கொண்டு நடந்தால் எவ்வளவு தூரம் வந்தோம் என்று முள் காட்டும். செய்தவர் பெயர் தேய்ந்து போயிருக்கிறது. வெளிவட்டத்தில் 220 கஜம், அடுத்த வட்டத்தில் 40 போல் (pole என்ற பழைய ஆங்கில நீள அளவு), சின்ன முள்ளுக்கு ஃபர்லாங்கும் மைலும்.

பல்சக்கரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, திரும்பப் பூட்டினேன். சரியாக 2 மைல் என்று எனக்குத் தெரிந்த ஒரு பாதையில் தள்ளிக்கொண்டு போனேன். முடிவில் முகப்பு காட்டியது 2 மைல் 16 போல். ஒரு போல் ஐந்தரை கஜம். அதாவது 88 கஜம் அதிகம். நூற்றுக்கு இரண்டரை. திரும்பி வந்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவு.

பல் எங்கேயோ தாவுகிறதோ என்று சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கையால் 640 சுற்று எண்ணிச் சுற்றினேன். முள் சரியாக 1 மைலில் வந்து நின்றது. ஆக உள்ளே இருக்கும் பொறியில் குறை இல்லை. அப்படியென்றால் இந்தக் கருவிகளே இவ்வளவுதானா? இதை வைத்தா வரைபடம் வரைந்தார்கள்?

சங்கிலிக்காரன்

பல வருடம் நில அளவை வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வரைபடம் வரைந்தது சங்கிலி, சக்கரம் இல்லை. 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் கொண்டுவந்த சங்கிலி 66 அடி, 100 கண்ணி, 80 சங்கிலி ஒரு மைல். இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. சரிவில் படிப்படியாகக் கிடைமட்டமாகப் பிடித்து அளக்கலாம். சக்கரத்தால் இது இரண்டும் முடியாது. குழி இருந்தால் குழிக்குள் இறங்கி ஏறும், வளைவு இருந்தால் வளைந்து போகும். எல்லாமே கூடுதலாகத்தான் சேரும்.

1802-ல் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் அளவையாளர் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை எப்படி அளந்தார்? 100 அடி எஃகுச் சங்கிலி. அதன் மேல் வெயில் படாமல் நிழல் கொடுத்து, வெப்பத்தால் நீளும் அளவைக்கூடக் கணக்கில் எடுத்து, வாரக்கணக்கில் அளந்தார். இந்தியாவின் முக்கோண அளவை முழுவதும் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கியது. அந்த இடத்தில் சக்கரத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

உங்கள் சக்கரத்தில் பழுது இல்லை. அதன் இயல்பே அது.

ஓட்டப்பாதை

அவசரப்பட வேண்டாம். உளிச்சத்தம், "2 மைல் என்று தெரிந்த பாதை" என்கிறீர்களே, யார் அளந்தது? கைபேசியா? கைபேசியின் தடம் இங்கும் அங்கும் தாவும், மரத்தடியில் இன்னும் மோசம். அதை நடுவராக வைத்துக்கொண்டு சக்கரத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் மாரத்தான் பாதைகளை அளக்கிறவன். இன்றைக்கும் அந்த வேலை சக்கரத்தால்தான் நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மிதிவண்டியின் முன்சக்கரக் குடத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்று ஒரு சின்ன எண்ணி பூட்டுவோம். முதலில் எஃகு நாடாவால் ஒரு நேரான தூரத்தை அளந்து வைத்து, அதில் நான்கு முறை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டுபிடிப்போம். அப்புறம்தான் பாதைக்குப் போவோம். வேலை முடிந்ததும் திரும்ப அதே தூரத்தில் ஓட்டிப் பார்ப்போம், ஏனென்றால் வெயில் ஏறினால் டயர் உப்பி எண்ணிக்கை மாறிவிடும். வளைவில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, மிகக் குறுகிய வழியில் ஓட்ட வேண்டும். இவ்வளவும் செய்தபிறகும், பாதை குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒன்று கூட்டி வைப்போம். மாரத்தான் ஒன்றுக்கு 42 மீட்டர்.

ஆக, சக்கரம் நல்ல கருவிதான். எந்தச் சக்கரத்தையும் சோதிக்காமல் நம்பக்கூடாது, அவ்வளவே. நீங்கள் செய்ய வேண்டியது: எஃகு நாடாவால் 200 மீட்டர் நேராக அளந்து கயிறு கட்டுங்கள். கயிற்றை ஒட்டியே தள்ளுங்கள். முகப்பைப் பார்க்க வேண்டாம், ஆரக்கால் ஒன்றில் துணி கட்டி சுற்றுகளை எண்ணுங்கள். மைலுக்கு 640 சுற்று என்றால் சுற்றளவு 8 அடி 3 அங்குலம், அதாவது 2.5146 மீட்டர். 200 மீட்டருக்கு 79½ சுற்று வர வேண்டும்.

உளிச்சத்தம்

சரியாகப் பிடித்தீர்கள், கைபேசிதான். சனிக்கிழமை நாடாவோடு போகிறேன்.

பழைய வரைபடம்

சங்கிலிக்காரன் ஐயாவின் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்தே மறுக்கிறேன். அடிக்கோட்டுக்குச் சங்கிலி, சரி. ஆனால் சாலை வரைபடம் என்ற ஒரு முழு உலகமே சக்கரத்தின் மேல் ஓடியது.

1675-ல் லண்டனில் ஜான் ஓகில்பி வெளியிட்ட 'பிரிட்டானியா' என்ற சாலை வரைபட நூல் 100 அச்சுத் தகடுகள் கொண்டது. ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல். ஒவ்வொரு சாலையையும் சுருள் காகிதம் விரித்தது போல நீளப் பட்டைகளாக வெட்டி, கீழிருந்து மேலாகப் படிக்கும்படி வரைந்திருப்பார்கள். பயணி ஏறும் மேடு நிமிர்ந்திருக்கும், இறங்கும் மேடு தலைகீழாக இருக்கும். வேலி உள்ள சாலைக்கு முழுக்கோடு, திறந்த சாலைக்குப் புள்ளிக்கோடு. பட்டைக்குப் பட்டை திசை மாறும் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு திசைகாட்டி. இத்தனைக்கும் முதுகெலும்பு, சாலை நெடுகச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்த ஆட்கள். முகப்புப் படத்திலேயே அந்தச் சக்கரம் இருக்கிறது. எனக்கு அந்தப் படத்தில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

அதற்கு முன் "ஒரு மைல்" என்றால் என்ன என்பதே ஊருக்கு ஊர் வேறு. 1760 கஜம் என்று 1593-லேயே சட்டத்தில் வந்துவிட்டது. ஆனால் வழியில் கேட்டால் வழக்கில் உள்ள மைலைத்தான் சொல்வார்கள், அது சட்ட மைலைவிட நீளம். சட்ட மைலை நாட்டின் சாலைகள் மேல் உண்மையிலேயே பதித்தது ஓகில்பியின் சக்கரம் என்று சொன்னால் மிகையில்லை. வழக்கு மைல், அளந்த மைல், நேர்கோட்டு மைல் என்று மூன்றையும் பிரித்துப் பார்த்தவர் அவர். சங்கிலிக்காரன் ஐயா சொல்லும் "கூடுதல்" அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை.

1794-ல் பிரிட்டிஷ் தபால் தலைமை, வரைபடக்காரர் ஜான் கேரியிடம் சாலைகளை அளக்கும் வேலையைக் கொடுத்தது. சுமார் 9,000 மைல், எல்லாம் சக்கரம். தபால் வண்டிக்குத் தேவை சாலையின் நீளம். வானத்தில் பறக்கும் காக்கையின் கணக்கு குதிரைக்கு உதவாது. சாலையோடு வளைந்து போவது அங்கே பிழையில்லை, வேண்டிய விடையே அதுதான்.

வரைபடத்தில் ஊர்களைப் பொருத்தும்போதுதான் சிக்கல் வரும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். வங்காளத்தின் சர்வேயர் ஜெனரலாக 1767-ல் நியமிக்கப்பட்ட ஜேம்ஸ் ரென்னல், இந்துஸ்தான வரைபடத்துக்கு எழுதிய விளக்கத்தில் இதைப் பேசுகிறார். சாலை வழி நூறு மைல் அளவு என்றால் வளைவுக்காக எட்டில் ஒரு பங்கு கழி, இன்னும் நீண்ட தூரத்துக்கு ஏழில் ஒன்று கழி. அப்புறம் அட்சரேகை பார்த்த இடங்களோடு ஒட்டிப் பார்த்து இழுத்துச் சரிசெய். கருவி மோசமாக இருந்ததால் கழிக்கவில்லை. கருவி எதை அளக்கிறது என்று தெரிந்திருந்ததால் கழித்தார்கள்.

பல்சக்கரம்

பொறி பக்கத்திலிருந்து கொஞ்சம். 8 அடி 3 அங்குலம் என்ற விநோதமான சுற்றளவு ஏன்? ஒரு போல் 16½ அடி, அதில் பாதி. இரண்டு சுற்று ஒரு போல், 80 சுற்று ஒரு ஃபர்லாங், 640 சுற்று ஒரு மைல். பல் எண்ணிக்கை எல்லாம் முழு எண்ணாக அழகாக விழும். ஒரே சுற்றில் ஒரு போல் வர வேண்டுமென்றால் சக்கரத்தின் விட்டம் 63 அங்குலம் ஆகிவிடும், ஒரு ஆள் தள்ளுவதற்குச் சிரமம். பாதியாக்கினால் 31½ அங்குலம், இடுப்பு உயரத்துக்கும் கீழே.

இந்த யோசனை மிகப் பழையது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன் பத்தாவது நூலில் ஒரு வண்டியை விவரிக்கிறார். சக்கரச் சுற்றளவு 12½ அடி. 400 சுற்றுக்கு 5,000 அடி, அது ஒரு ரோமானிய மைல். ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் "டிங்" என்று விழும். மாலையில் கல்லை எண்ணினால் எத்தனை மைல் வந்தோம் என்று தெரியும். எவ்வளவு எளிமை, பாருங்கள். சீனத்தில் ஒரு லீ தூரத்துக்கு ஒருமுறை மரப் பொம்மை முரசு தட்டும் வண்டி இருந்தது.

பின்னாளில் சில கருவிகளில் வந்த ஒரு வித்தை எனக்கு இன்னும் வியப்பு. ஒரே திருகுப்புரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பல்சக்கரங்களைச் சுற்றும். ஒன்றில் 100 பல், மற்றதில் 101. புரி 100 சுற்றுச் சுற்றும்போது முதல் சக்கரம் முழுச் சுற்று முடித்திருக்கும், இரண்டாவது ஒரு பல் பின்தங்கியிருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் நூறுகளின் கணக்கு. அடுக்கடுக்காகப் பல்சக்கரம் வைக்காமல், இரண்டே சக்கரத்தில் பத்தாயிரம் வரை எண்ணலாம். அதைக் கண்டுபிடித்த மூளையை நினைத்து நான் பலமுறை மலைத்துப் போயிருக்கிறேன்.

உளிச்சத்தம், உங்கள் 640 சுற்றுச் சோதனை மிக நல்ல சோதனை. பொறி சுத்தம். குறை தரைக்கும் பொறிக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. சக்கரத்தின் இரும்புப் பட்டையைப் பாருங்கள்.

வாசிப்பவள்

இடையில் ஒரு கேள்வி. மேடு பள்ளத்தால் எவ்வளவு கூடும்? மலைப்பாதையில் இந்தச் சக்கரம் முற்றிலும் பயனற்றுப் போயிருக்குமோ?

சங்கிலிக்காரன்

அம்மா, நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பத்தடி நடந்தால் ஓரடி ஏறும் சரிவில் கூடுவது நூற்றுக்கு அரைதான். ஐந்தடிக்கு ஓரடி ஏறினால், அது மாட்டுவண்டி திணறும் சரிவு, அப்போதும் நூற்றுக்கு இரண்டு. சரிவைவிட வளைவுதான் பெரிய எதிரி. மலைப்பாதை கொண்டை ஊசி போலத் திரும்பித் திரும்பிப் போகும்போது கணக்கு இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஆகிவிடும்.

பழைய வரைபடம் சொன்னதைப் படித்தேன். சாலையின் நீளம்தான் வேண்டிய விடை என்ற இடத்தில் நான் ஒப்புக்கொள்கிறேன். நான் வேலை பார்த்ததெல்லாம் வயல் எல்லை, அதனால் என் பார்வை அப்படி.

வாசிப்பவள்

நன்றி ஐயா. சக்கரம் போக முடியாத இடத்தில் காலடியே சக்கரம் ஆனது என்று படித்திருக்கிறேன். 1865-66-ல் நைன் சிங் என்ற இந்திய அளவையாளர் ரகசியமாக அளப்பதற்காகத் திபெத்துக்குள் யாத்ரீகர் வேடத்தில் போனார். மைலுக்கு 2,000 காலடி வரும்படி நடையைப் பழக்கிக்கொண்டு, 108 மணிக்குப் பதில் 100 மணி கோத்த ஜெபமாலையில் நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளினார். குறிப்புகளைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளித்து வைத்தார். அதைப் படித்தபோது, அளப்பது என்பது கருவியைவிட ஒழுக்கம் சார்ந்தது என்று எனக்குத் தோன்றியது.

பழைய வரைபடம்

எண்ணுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் வில்லியம் கிளேட்டனை விட்டுவிட முடியாது. 1847-ல் அமெரிக்கச் சமவெளியைக் கடந்து மேற்கே போன மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூட்டத்தில் தினமும் எத்தனை மைல் வந்தோம் என்று ஆளுக்கொரு கணக்கு. கிளேட்டன் ஒரு வண்டிச் சக்கரத்தை அளந்தார்: 14 அடி 8 அங்குலம். 360 சுற்று ஒரு மைல், மிச்சமே இல்லை. ஆரக்காலில் சிவப்புத் துணி கட்டிவிட்டு நாள் முழுக்க வண்டியோடு நடந்து எண்ணினார். மே 8 அன்று 4,070 சுற்று. பதினொன்றேகால் மைலும் மேலே 20 சுற்றும்.

அதற்கப்புறம் ஆர்சன் பிராட் வடிவமைப்புக் கொடுக்க, ஆப்பிள்டன் ஹார்மன் மரத்திலேயே பொறி செய்தார். சக்கரம் ஆறு சுற்றினால் ஒரு திருகு ஒரு சுற்று, அந்தத் திருகு 60 பல் சக்கரத்தைத் தள்ளும். ஆறு அறுபது முந்நூற்றறுபது. அந்த அளவுகளை வைத்து கிளேட்டன் 1848-ல் வெளியிட்ட வழிகாட்டி நூல் பின்னால் வந்தவர்களுக்குத் தண்ணீர் எங்கே, புல் எங்கே என்று மைல் கணக்கில் சொன்னது.

ஓட்டப்பாதை சொன்ன துணி கட்டும் யோசனை அங்கேயே இருக்கிறது.

உளிச்சத்தம்

வந்துவிட்டேன். நேரான, கெட்டியான தரை. எஃகு நாடாவால் 200 மீட்டர், இரண்டு முறை அளந்து சரிபார்த்தோம். கயிறு கட்டி, ஒட்டியே தள்ளினேன். நான்கு முறை. நான்கிலும் 81 சுற்று, அல்லது அதற்கு இரண்டு மூன்று விரற்கடை குறைவு. 79½ வர வேண்டிய இடத்தில் 81!

சக்கரத்தைச் சுற்றி நாடா போட்டேன். 99 அங்குலம் இருக்க வேண்டியது 97¼ இருக்கிறது.

பட்டையையும் பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர் தகடுதான். ஒரு இடத்தில் மேலே மேல் போட்டு ஆணி அடித்திருக்கிறார்கள். மரத்தில் இன்னொரு வரிசை ஆணித் துளைகள் அடைத்துக் கிடக்கின்றன, இப்போதுள்ள ஆணியைவிடப் பெரியவை. வட்டையில், அதாவது சக்கரத்தின் மர விளிம்பில், எங்கும் செதுக்கிய அடையாளம் இல்லை.

பல்சக்கரம்

அப்படியென்றால் அதேதான். அசல் பட்டை போய்விட்டது. யாரோ, எப்போதோ, கையில் கிடைத்த மெல்லிய தகட்டைச் சுற்றியிருக்கிறார்கள். கணக்கும் ஒத்துவருகிறது: சுற்றளவில் 1¾ அங்குலம் குறைந்தால் ஆரத்தில் 7 மில்லிமீட்டர். இருந்த பட்டை 9 மில்லிமீட்டர் கனம் என்று வைத்தால் சரியாக உட்காருகிறது. தேய்மானத்தால் மட்டும் இவ்வளவு போகாது.

சக்கரம் சிறுத்தால் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், முகப்பு கூடுதலாகக் காட்டும். சேற்றில் போனால் நேர் எதிர். பட்டையில் 5 மில்லிமீட்டர் சேறு ஒட்டினால் சுற்றளவு 31 மில்லிமீட்டர் கூடும், முகப்பு நூற்றுக்கு ஒன்றேகால் குறைத்துக் காட்டும். சக்கரம் எவ்வளவு பெரிதானாலும் கூடுவது அதே 31தான். அதனால்தான் பெரிய சக்கரத்தில் சேற்றின் பாதிப்பு குறைவு, சின்னச் சக்கரத்தில் அதிகம். குழிக்கும் அதே கதை, பெரிய சக்கரம் தாண்டிவிடும், சின்னது விழுந்து எழும்.

ஓட்டப்பாதை

இரண்டரையில் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே பட்டைக்குப் போகிறது. மீதி முக்காலுக்குக் கொஞ்சம் கீழே. கைபேசியின் பிழை எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது, ஆனால் நடை ஆட்டம் மட்டுமே இதற்குப் போதும். ஒற்றைச் சக்கரத்தைத் தள்ளும்போது அது பாம்பு போல லேசாக நெளியும். நான்கு மீட்டருக்கு ஒரு நெளிவு, இரண்டு பக்கமும் பத்து செ.மீ. என்று வைத்தால் நூற்றுக்கு 0.6 கூடிவிடும். பார்ப்பவருக்கு நேராகப் போவது போலத்தான் தெரியும். தொலைவில் ஒரு பொருளைக் கண்ணில் வைத்துக்கொண்டு தள்ளுங்கள், காலடியைப் பார்க்காதீர்கள்.

சங்கிலிக்காரன்

நான் "இயல்பு" என்று சொல்லி முடித்துவிட்டேன். பாதிக்கு மேல் பட்டையில்தான் இருந்திருக்கிறது. சோதிக்கச் சொன்னவர்தான் சரி.

எனக்கு ஒரு விஷயம் இப்போது தோன்றுகிறது. 1520-களில் ஜான் ஃபெர்னல் என்ற பிரெஞ்சு மருத்துவர், கணிதமும் தெரிந்தவர், பாரிசிலிருந்து வடக்கே ஒரு பாகை அட்சரேகை மாறும் இடம் வரை போய், வண்டிச் சக்கரச் சுற்றுகளை எண்ணிக்கொண்டு திரும்பினார். பூமியின் அளவைக் கண்டுபிடிக்க. வந்த விடை இன்றைய அளவுக்கு மிக அருகில். வளைவுக்கும் மேட்டுக்கும் அவர் கழித்தது உத்தேசம்தான், ஒரு பிழை இன்னொன்றை அடித்துக்கொண்டது. படிக்கும் காலத்தில் அது எனக்கு வெறும் அதிர்ஷ்டக் கதை. அத்தனை ஆயிரம் சுற்றுகளை ஒருவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

உளிச்சத்தம்

அடுத்த கேள்வி. 9 மில்லிமீட்டரில் புதுப் பட்டை அடித்துப் போட்டுவிடட்டுமா? பட்டறையில் பழக்கமானவர் இருக்கிறார், சூடேற்றிச் சுருக்கிப் போடத் தெரிந்தவர்.

பழைய வரைபடம்

தயவுசெய்து வேண்டாம். இருக்கும் தகடும் அந்தக் கருவியின் வரலாறுதான். யாரோ ஒருவர் பட்டை போனபிறகும் அதை விடாமல் பயன்படுத்தியிருக்கிறார். மேலும், 9 என்பது நம் ஊகம். 8 ஆக இருந்தால்? சூடான பட்டை அந்தப் பழைய மரத்தை நெரித்தால் வட்டை பிளந்துவிடும், அப்புறம் திரும்ப வராது.

சாலை அளந்தவர்கள் செய்ததையே செய்யுங்கள். சங்கிலியால் அளந்த தூரத்தில் சக்கரத்தை ஓட்டி, திருத்தத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பல்சக்கரம்

ஆமோதிக்கிறேன். 99-ஐ 97¼ ஆல் வகுத்தால் 1.018 வருகிறது. முகப்பு காட்டுவதை அதால் வகுத்துக்கொள்ளுங்கள். தகடு மேலே மேல் ஏறியிருக்கும் இடத்தில் மட்டும் ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உளிச்சத்தம்

சரி, பட்டையைத் தொடவில்லை. தளர்ந்த ஆணி ஒன்று இருந்தது, அதை மட்டும் இறுக்கினேன்.

ஓட்டப்பாதை போன வாரம் தன் மிதிவண்டியோடு வந்து அந்தப் பாதையை முறையாக அளந்து, இரண்டு முனையிலும் ஆணி அடித்துக் கொடுத்தார். கைபேசி சொன்ன 2 மைல் உண்மையில் எட்டு கஜம் குறைவு. இப்போது முனை 2 மைலில் சரியாக இருக்கிறது. இன்று காலை, பனி காய்ந்தபிறகு, தூரத்து மரத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு தள்ளினேன். முகப்பு: 2 மைல் 12 போல். பட்டைக்கான திருத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது அரை போலுக்கும் கொஞ்சம் குறைவு. சுமார் இரண்டரை கஜம்.

ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் "200 மீ. = 81 சுற்று" என்று பொறித்துக் கவையில் நூலால் கட்டியிருக்கிறேன். ஆணி அடிக்கவில்லை. முகப்பில் தேய்ந்த பெயரைச் சாய்வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்லி ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். இரண்டு எழுத்து தெரிகிறது, படத்தை நாளை புது இழையில் போடுகிறேன்.